"நீர் உண்டோ?" - மலை வார்டில் கேர் பிளான் எழுதப் பழகிய கதை

ராத்திரி டூட்டியில் இருந்த மலையாள நர்ஸ் சேச்சி, புதிதாக அட்மிஷன் ஆன அம்மாவிடம் "நீர் உண்டோ அம்மே?" என்று கேட்டிருக்கிறார். "இப்ப நல்லாப் போகுது தாயி" என்று பதில் வந்திருக்கிறது. சேச்சி தாளில் 'வீக்கம் வடிந்து வருகிறது' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். மலையாளத்தில் நீர் என்றால் வீக்கம். கூடலூர்ப் பக்கத்து அம்மாவுக்கு நீர் என்றால் ஒன்றுக்குப் போவது. காலையில் நான் வந்து கம்பளியை விலக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து ஐந்து எண்ணும்வரை அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது. வீக்கம் வடியவே இல்லை.

கம்பத்திலிருந்து கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் குமுளி. அதற்கப்பால் வண்டிப்பெரியாறு, பீருமேடு என்று தேயிலையும் ஏலமும்தான். 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது பீருமேடும் தேவிகுளமும் கேரளத்தோடு போயின. ஆனால் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இன்றும் தமிழ்தான் கேட்கும். அந்தப் பாதையில் கேரளப் பக்கம் இருக்கும் ஒரு மருத்துவமனையில் பல வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். என் வார்டில் பாதிக்குப் பாதி தமிழ் நோயாளிகள். தலைமுறைகளாக லயத்தில் வாழ்கிறவர்கள் ஒரு பங்கு. இருட்டோடு ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்கு வந்து, சாயங்காலம் மலையிறங்கிவிடும் கம்பம், கூடலூர்ப் பெண்கள் இன்னொரு பங்கு. கூட வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் மலையாளிகள். என்னைவிட வேலையில் கெட்டிக்காரர்கள், நோயாளி மேல் பிரியமுள்ளவர்கள். இடறியதெல்லாம் சொல்லில்தான்.

"பனி உண்டோ?" என்று காய்ச்சலைக் கேட்டால், "ஆமா, ரெண்டு நாளா ஒரே பனி, குளிரு தாங்கல" என்று மலையைப் பற்றிச் சொல்வார்கள். "சோறு கழிச்சோ?" என்றால் சாப்பிட்டீர்களா என்று அர்த்தம். நம் ஆட்களுக்குக் கழிச்சல் என்றால் வயிற்றுப்போக்கு. "அதெல்லாம் இல்லம்மா" என்பார்கள். சாப்பிடவில்லை என்று சார்ட்டில் ஏறிவிடும். சர்க்கரை நோயாளி ஒருவர் இன்சுலின் போடும் நேரத்தில் இப்படி ஒரு பதில் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் இப்படி மோதிக்கொள்ளும் சொற்களையெல்லாம் மலையாள எழுத்தில் ஒரு தாளில் எழுதி, நர்சிங் ஸ்டேஷன் சுவரில் ஒட்டினோம். எல்லையில் வேலை பார்க்கிற எந்த நர்ஸும் முதல் வாரமே செய்யவேண்டிய வேலை அது. நான் மூன்றாவது வருடம்தான் செய்தேன்.

அந்த அம்மாவுக்கு வருவோம். இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் தேங்கும் நோய், ஹார்ட் ஃபெயிலியர். நாலு மாதத்தில் அது மூன்றாவது அட்மிஷன். முதல் இரண்டு முறையும் கேர் பிளான், அதாவது நோயாளிக்கு என்ன பிரச்சினை, நர்ஸ் என்ன செய்யவேண்டும், பலன் என்ன என்று குறிக்கும் திட்டம், எழுதியவள் நான். பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே வரி: 'அறிவுக் குறைவு, நோயையும் உணவுக் கட்டுப்பாட்டையும் பற்றிய தகவல் இல்லாமை தொடர்பானது.' செய்ய வேண்டியது: உப்பைக் குறைக்கச் சொல்லுதல், மாத்திரையின் அவசியத்தை விளக்குதல். மதிப்பீடு: 'நோயாளி புரிந்துகொண்டதாகக் கூறினார்.' இரண்டு முறையும் அவர் அப்படித்தான் கூறினார். இரண்டு முறையும் மூச்சு வாங்க, நாலு தலையணை வைத்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

நர்சிங் படிக்காதவர்களுக்காக இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். டாக்டர் நோய்க்குப் பெயர் வைப்பார்: இதயச் செயலிழப்பு, பக்கவாதம், நிமோனியா. நர்ஸ் எழுதும் நர்சிங் டயக்னோசிஸ் வேறு. அந்த நோயால் இந்த ஆளுக்கு இன்றைக்கு எது முடியாமல் போயிற்று, அதில் நர்ஸ் கைவைத்து எதை மாற்ற முடியும் என்பதைச் சொல்வது அது. 1973இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நர்ஸுகள் கூடி இந்தப் பிரச்சினைகளுக்கெல்லாம் பொதுவான பெயர்ப் பட்டியல் போட ஆரம்பித்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் நாங்கள் கல்லூரியில் மனப்பாடம் செய்த நாண்டா பட்டியல். எழுதும் முறையில் மூன்று துண்டு உண்டு: பிரச்சினை, அதன் காரணம், அதற்கான அடையாளம். 'உடலில் நீர் மிகுதி' என்பது பிரச்சினை. 'மூன்று நாளில் இரண்டரைக் கிலோ ஏற்றம், காலில் அழுத்தினால் குழி, படுத்தால் மூச்சுத் திணறல்' என்பது அடையாளம். இரண்டையும் கண்ணால் பார்க்கலாம், அளக்கலாம். நடுவில் இருக்கும் 'தொடர்பானது' என்ற துண்டுதான் பொய்யாகிப் போகும் இடம். செய்யும் வேலை முழுக்க அந்தத் துண்டிலிருந்துதான் பிறக்கிறது. அதனால் அது தப்பானால் பிளான் முழுவதும் தப்பு.

கல்லூரியில் ரெக்கார்டு நோட்டுக்காக கேர் பிளான் எழுதும்போது, புத்தகத்தில் நோயின் பெயருக்கு நேராக இருக்கும் ஐந்து டயக்னோசிஸையும் அப்படியே எடுத்து எழுதுவோம். மார்க்கும் வரும். அந்தப் பழக்கம் வேலைக்கு வந்த பிறகும் கையிலேயே தங்கிவிட்டது. 'அறிவுக் குறைவு' என்று எழுதுவது சுலபம். குறை நோயாளியிடம் இருப்பதாக ஆகிவிடும். நாம் நாலு வார்த்தை சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

மூன்றாவது முறை நான் பேச்சைக் குறைத்து அவர் பையை எண்ணினேன். மஞ்சள் துணிப்பை. டிஸ்சார்ஜ் ஆகி 26 நாள் ஆகியிருந்தது. முப்பது நீர் மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தோம். இருபத்திரண்டு அப்படியே இருந்தது. ரத்த அழுத்த மாத்திரை மட்டும் ஒழுங்காகத் தீர்ந்திருந்தது. ஆக, மறதி இல்லை. மாத்திரை மேல் வெறுப்பும் இல்லை. இந்த ஒரு மாத்திரையில் மட்டும் என்னவோ இருக்கிறது.

"ஏன் சாப்பிடலை?" என்று கேட்டால் பயந்துகொண்டு ஏதாவது சொல்வார்கள். "எந்தெந்த நாள் சாப்பிட்டீங்க பெரியம்மா?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம. அப்புறம் வேல இல்லாத நாளு."

"வேலைக்குப் போற நாள்ல?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "அதத் தின்னா சொணங்காம ஒண்ணுக்கு வருது தாயி. ஜீப்புல பதினஞ்சு பேரு. மலையேறயில எங்க நிப்பாட்டச் சொல்ல? தோட்டத்துல எங்குட்டு ஒதுங்க? ஆம்பளையாளுக நிக்கிறாங்க. ஒதுங்குனா அட்டை ஏறிரும். அதான் அந்த மாத்திரய மட்டும் வச்சிர்றது. தண்ணியும் குடிக்கிறதில்ல."

அந்த நீர் மாத்திரையின் பெயர் ஃப்யூரோசமைடு. வாயில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வேலையை ஆரம்பித்துவிடும். ஆறு மணி நேரம்போல நீடிக்கும். காலையில் சாப்பிட வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருந்தோம். ஐந்தரைக்கு ஜீப் ஏறுகிற பெண்ணுக்கு அந்த ஆறு மணி நேரமும் வழியிலும் தோட்டத்திலும்தான் கழியும். அவருக்கு எல்லா அறிவும் இருந்தது. எதை விழுங்கினால் எப்போது என்ன ஆகும் என்று என்னைவிடத் துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தார். கழிப்பறைதான் இல்லை.

பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்: 'உடலில் நீர் மிகுதி, பணியிடத்தில் கழிப்பறை இல்லாததால் வேலை நாட்களில் நீர் மாத்திரையைத் தவிர்ப்பது தொடர்பானது.' இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அந்த அம்மாவிடம் பத்து நிமிடம் பேசினார். மாத்திரையை வேலை முடிந்து வீடு சேர்ந்ததும், சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கும்படி மாற்றி எழுதினார். ராத்திரி பத்துக்குள் அதன் வேகம் அடங்கிவிடும், தூக்கமும் கெடாது. மாத்திரை நேரத்தை மாற்றுவது நர்ஸின் அதிகாரத்தில் இல்லை. மாற்ற வேண்டிய காரணத்தைக் கண்டுபிடித்து டாக்டர் முன்னால் வைப்பது முழுக்க நர்ஸின் வேலை. இதைப் படிக்கும் நோயாளிகள் யாரும் டாக்டரைக் கேட்காமல் நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டாம். ஒவ்வொருவர் சிறுநீரகமும் ரத்த அழுத்தமும் ஒவ்வொரு மாதிரி.

அடுத்தது எடை. ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிக்குத் தினமும் எடை பார்க்கச் சொல்வோம். உடம்பில் ஒரு லிட்டர் நீர் தங்கினால் ஒரு கிலோ கூடும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், மூச்சு வாங்கும்வரை காத்திராமல் வரவேண்டும். காலையில் ஒன்றுக்குப் போய்விட்டு வெறும் வயிற்றில் பார்ப்பதுதான் முறை. வீட்டில் எடை மிஷின் கிடையாது. "காய் எடை போடுற தராசு இருக்கே தாயி" என்றார் அவரே. ஏலக்காய்ச் சாக்கு வைக்கும் பெரிய பிளாட்பாரத் தராசு. தினமும் காய் எடை போட்டு முடிந்ததும் அதில் ஏறி நிற்பது, சூப்பர்வைசர் சொல்லும் எண்ணைச் சின்ன நோட்டில் எழுதி வாங்குவது என்று முடிவாயிற்று. முறைப்படி அது சரியான நேரம் இல்லைதான். ஆனால் தினமும் அதே தராசு, அதே நேரம், அதே வேலைச் சேலை என்றால் ஏற்றம் இறக்கம் தெரிந்துவிடும். தராசு இல்லாத நாளுக்கு மெட்டி. காலையில் போட்டிருந்த மெட்டி சாயங்காலம் திருக முடியாமல் இறுகினால் கணக்கில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். உப்பைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்று. தூக்குவாளிக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாடோ ஊறுகாயோ வேண்டாம், துவையல் அரைத்துக்கொள்ளலாம்.

இலக்கு எழுதுவதிலும் அன்றோடு என் கை மாறியது. 'நோயாளி நன்றாக மூச்சு விடுவார்' என்று எழுதினால் அதை யாராலும் சரிபார்க்க முடியாது. 'வியாழக்கிழமை இரவுக்குள் இரண்டு தலையணையில் படுத்து நாலு மணி நேரம் தூங்குவார். எடை ஒன்றரைக் கிலோ குறையும்' என்று எழுதினால், வெள்ளிக்கிழமை காலை டூட்டிக்கு வருகிறவர் ஆம், இல்லை என்று எழுதியே ஆகவேண்டும். இல்லை என்றால் காரணத்தைத் தேட வேண்டும். 'புரிந்துகொண்டதாகக் கூறினார்' என்ற வரியை அதன்பிறகு நான் எழுதவே இல்லை. மாத்திரை எண்ணிக்கை, எடை, தூங்கிய தலையணை. இவைதான் மதிப்பீடு.

இரண்டாவது கதை ஒரு லயத்து வீட்டில் நடந்தது. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்த ஐயா ஒருவர். பிரேடன் அளவுகோல் என்று ஒன்று உண்டு. உணர்வு, ஈரம், நடமாட்டம், உடலை அசைக்கும் திறன், சாப்பாடு, உராய்வு என்ற ஆறையும் பார்த்து 6 முதல் 23 வரை மதிப்பெண் போடுவோம். 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் படுக்கைப் புண் வரும் அபாயம். இவருக்கு 11. டிஸ்சார்ஜ் பிளானில் 'இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைக்கவும்' என்று அச்சுப் பிசகாமல் எழுதிக் கொடுத்தோம். அவர் மனைவி காலை எட்டுக்குக் கொழுந்து கிள்ளப் போனால், நடுவில் சாப்பாட்டுக்கு வந்து போவதைத் தவிர, திரும்ப ஐந்தாகும். போகாவிட்டால் கூலி இல்லை. அந்த வீட்டில் இரண்டு மணிக்கொரு முறை வந்து திருப்ப யார் இருக்கிறார்கள் என்று நாங்கள் கேட்கவே இல்லை.

மூன்று வாரத்தில் இடுப்புக்குக் கீழே தோல் விட்டுவிட்டது. பஞ்சாயத்தின் வீட்டுப் பராமரிப்பு நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கோழிக்கோட்டில் 1993இல் சிறு அளவில் ஆரம்பித்த வலிநீக்கச் சேவை ஊர் ஊராகப் பரவி, 2008இல் கேரள அரசே பாலியேட்டிவ் (நோயின் வேதனையைத் தணிக்கும் பராமரிப்பு) கொள்கை கொண்டுவந்தது. அதனால் படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கே நர்ஸ் வருகிற ஏற்பாடு பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் பலருக்கு இது தெரியாது. இந்த வரியைப் படிக்கிற யாராவது எல்லைக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர் படுக்கையில் கிடக்கிறார் என்றால், முதலில் பஞ்சாயத்து ஆபீஸில் கேட்கச் சொல்லுங்கள்.

அந்த நர்ஸோடு நானும் ஒரு விடுமுறை நாளில் போனேன். மூட்டு வலியால் வேலையை விட்ட பக்கத்து வீட்டுப் பாட்டி பகலில் வீட்டில்தான் இருந்தார். அவரால் ஐயாவைத் தூக்க முடியாது, ஆனால் முதுகுக்குப் பின்னால் வைத்த தலையணையை உருவ முடியும். அதனால் காலையில் மனைவி போகும்போது உடம்பை முழுப் பக்கமாகத் திருப்பாமல், லேசாகச் சாய்த்து இரண்டு தலையணை அண்டக் கொடுத்துவிட்டுப் போவார். பத்து மணிக்குப் பாட்டி ஒன்றை உருவுவார். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக்கு வரும் மனைவி மறுபக்கம் சாய்ப்பார். மூன்றரைக்குப் பள்ளி விட்டு வரும் பேரன் தலையணையை உருவுவான். கெண்டைக்காலுக்குக் கீழே மடித்த சேலையை வைத்துக் குதிகால் பாயில் படாமல் தொங்கவிட்டோம். பஞ்சாயத்திலிருந்து தண்ணீர்ப் படுக்கை வந்தது. வாரம் முழுவதற்குமாக இதைச் சுவர்க் காலண்டரில் குறிக்கச் சொன்னோம்.

அங்கே கற்ற இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் 'தோல் சிவந்தால்' என்று போட்டிருக்கும். நம் நிறத்துத் தோலில் சிவப்பு தெரியாது. கருத்தோ ஊதா நிறமாகவோ தெரியலாம், ஒன்றுமே தெரியாமலும் போகலாம். புறங்கையை வைத்துப் பார்த்துச் சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக, கெட்டியாக இருந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது, அடியில் நைந்த சதை இன்னும் நையும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தின் மேல் உட்கார வைப்பதும் வேண்டாம், வளையத்தின் விளிம்பு ரத்த ஓட்டத்தைச் சுற்றி நெரிக்கும். ஐயாவின் புண் முழுவதும் ஆறவில்லை. ஆனால் ஆழம் போகவில்லை, புதிதாக வேறிடத்தில் வரவில்லை. அவர் மனைவி ஒரு நாள் கூலியைக்கூட இழக்கவில்லை. பிளானில் இதையும் இலக்காக எழுதியிருந்தேன்.

மூச்சுத் திணறல் கேஸ்களில் மாணவிகள் இரண்டு டயக்னோசிஸைக் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பீடி பிடித்து நுரையீரல் கெட்ட தாத்தாவுக்குச் சளி கரகரவென்று கேட்கிறது, இருமினாலும் வெளியே வரவில்லை என்றால் அது 'மூச்சுப்பாதையைச் சுத்தம் செய்ய இயலாமை'. வெந்நீர், நிமிர்ந்து உட்கார வைத்தல், கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல 'ஹஃப்' என்று காற்றைத் தள்ளி இருமப் பழக்குதல். அதே தாத்தா அசதியாக, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டு, தலைவலி என்று சொன்னால் அது 'வாயு மாற்றக் குறைபாடு'. கரியமில வாயு உள்ளே தேங்குகிறது, டாக்டரை உடனே கூப்பிட வேண்டும். ஆக்ஸிஜன் அளவு 90 காட்டுகிறதே என்று பதறிக் குழாயைத் திறந்துவிடுவது இவர்களுக்கு ஆபத்து. இப்படிப்பட்ட நோயாளிகளில் பெரும்பாலோருக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும். வெளியில் இரண்டுமே 'எளைப்பு' என்றுதான் சொல்லப்படும்.

சர்க்கரை மாத்திரையிலும் ஜீப்தான் வில்லன். விடியுமுன் கிளிமிபிரைடு போட்டுவிட்டு, சாப்பாட்டைத் தோட்டத்தில் பத்து மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறும் பெண்கள், ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, வளைவுகளில் வேர்த்து நடுங்குவார்கள். வாந்தி மயக்கம் என்று விட்டுவிடுவார்கள். அவர்களிடம் கேட்கவேண்டியது, "முதல் வாய்ச் சோறு எத்தனை மணிக்கு?"

டெங்குவில் ஒன்று மட்டும். காய்ச்சல் விட்டதும் ஊருக்குக் கிளம்ப நிற்பார்கள். காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும் காலம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், மூத்திரம் குறைவது என்று கவனிக்க வேண்டியவை அப்போதுதான் கூடுகின்றன. பிளானை அன்றைக்குத்தான் இறுக்க வேண்டும்.

அந்த அம்மா அதற்குப் பிறகு ஐந்து மாதம் அட்மிஷன் ஆகவில்லை. மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க வருவார், நோட்டைக் காட்டுவார். சூப்பர்வைசர் எழுதிய எண்கள் கோணலும் மாணலுமாக வரிசையாக இருக்கும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் போயிருக்கிறார். மகள் வீட்டில் தங்கல். கருவாட்டுக் குழம்பு, கடைப் பலகாரம், இரண்டு நாள் மாத்திரையும் விட்டுப்போச்சு. ஊர் திரும்பி வேலைக்குப் போன அன்றே சாயங்காலம் தராசில் ஏறியிருக்கிறார்.

மறுநாள் புற நோயாளிப் பிரிவில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்கவில்லை. நடந்துதான் வந்திருந்தார். "ரெண்டு கிலோ ஏறிருச்சு தாயி, மெட்டியும் திருக முடியல. அதான் இன்னைக்கே வந்துட்டேன்" என்று நோட்டை நீட்டினார். டாக்டர் பார்த்து, மாத்திரையை மூன்று நாளைக்கு மட்டும் கூட்டி எழுதினார். படுக்கை தேவைப்படவில்லை. மத்தியானம் குமுளி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.